பெயர் சொல்லாத துப்பறிவாளர்

இரசாயனம் பயிலும் மாணவனுக்குத் துப்பறியும் கதைகளைப் பற்றி எழுத என்ன உரிமை என்று சங்க நண்பர்கள் கேட்கக்கூடும். என் உரிமை ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தது. கல்லூரியின் முதலாண்டில் எங்களுக்குக் குறிப்பேடு எழுதும் முறையைக் கற்றுக் கொடுத்தார்கள். கண்டதை மட்டும் எழுத வேண்டும், நினைத்ததை எழுதக்கூடாது. கரைசல் நீல நிறமாயிற்று என்று எழுதலாம். அதில் தாமிரம் இருக்கிறது என்பது பின்னால் வரவேண்டிய முடிவு. அதை அந்த வரியிலேயே எழுதிவிட்டால் சிவப்பு மையால் கோடு விழும். இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டு நாவல் எழுதிய மனிதர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். டாஷியல் ஹாமெட் என்பது அவர் பெயர். அவரைப் பற்றி எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது சற்று வெட்கத்துக்குரியது. அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

சென்ற பருவத்தில் இங்குள்ள திரைப்படக் கழகத்தார் 1941ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மால்ட்டீஸ் ஃபால்கன்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினார்கள். மால்ட்டாத் தீவின் ராஜாளி என்று பொருள். ரத்தினங்கள் பதித்ததாகச் சொல்லப்படும் ஒரு பறவைச் சிலைக்காக நாலைந்து பேர் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்ளும் கதை. சிகரெட்டைத் தன் கையாலேயே சுருட்டிப் பற்றவைத்துக்கொண்டு, எதற்கும் அசையாத முகத்தோடு வரும் துப்பறிவாளன் சாம் ஸ்பேடாக ஹம்ப்ரி போகார்ட் நடித்திருந்தார். படம் முடிந்து திரும்புகையில் எல்லோரும் போகார்ட்டையே புகழ்ந்துகொண்டு வந்தனர். கதை எழுதியவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது. நூலகத்தில் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

சாமுவேல் டாஷியல் ஹாமெட் 1894ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் மேரிலாந்து மாநிலத்தில் செயின்ட் மேரீஸ் என்னும் மாவட்டத்தில் பிறந்தார். டாஷியல் என்பது தாயாரின் குடும்பப் பெயர். தந்தை பல தொழில்களில் கைவைத்து எதிலும் நிலைக்காதவர். குடும்ப வறுமையால் 13, 14 வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றது. ரயில்வே கம்பெனியில் எடுபிடிப் பையன், குமாஸ்தா என்று பல வேலைகள் பார்த்தார். ஒன்றிலும் நெடுநாள் இருக்கவில்லை. 1915ல் பால்டிமோர் நகரில் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய உண்மையான கல்வி தொடங்கியது எனலாம்.

பிங்கர்ட்டன் நிறுவனம் 1850ல் தொடங்கப்பட்டது. விழித்த கண் ஒன்று அதன் சின்னம். சம்பளத்துக்குத் துப்பறியும் தனி ஆட்களை அங்கே தனிக்கண் என்று அழைப்பது இந்தச் சின்னத்திலிருந்து வந்ததென்பர். ஹாமெட்டின் முக்கிய வேலை ஆட்களைப் பின்தொடர்வது. ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒல்லியான மனிதர் பிறர் கண்ணில் படாமல் எப்படித்தான் பின்தொடர்ந்தாரோ! ஆனால் அந்தக் கலையில் அவர் கைதேர்ந்தவர் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். பின்தொடர்ந்தவன் எங்கே நின்றான், யாரோடு பேசினான், எத்தனை மணிக்கு எந்தக் கதவு வழியே வெளியேறினான் என்றெல்லாம் மேலிடத்துக்கு அறிக்கை எழுதவேண்டும். அவன் மனத்தில் என்ன இருந்தது என்று அறிக்கையில் எழுத இடமில்லை. பல ஆண்டுகள் இப்படி எழுதி எழுதிப் பழகிய கைதான் பிறகு நாவல் எழுதியது.

அந்த நிறுவனத்துக்கு வேறொரு முகமும் உண்டு. சுரங்க முதலாளிகளும் ஆலை முதலாளிகளும் வேலைநிறுத்தங்களை முறியடிக்க அதன் ஆட்களைக் கூலிக்கு அமர்த்தினர். தொழிலாளர் நடுவே புகுந்து, சங்கத்தில் இருப்பவர் யார் யார் என்று பெயர் எழுதிக் கொடுப்பதும் பிங்கர்ட்டன் ஆட்களின் தொழில்தான். 1917ல் மான்ட்டானா மாநிலத்து பூட் என்ற தாமிரச் சுரங்க ஊரில் பிராங்க் லிட்டில் என்ற தொழிற்சங்கத் தலைவரை, ஆகஸ்டு முதல் நாள் விடியுமுன்னர், முகமூடி அணிந்தவர்கள் விடுதி அறையிலிருந்து இழுத்துச் சென்று ரயில் பாலத்தில் தூக்கிலிட்டனர். கொலைகாரர்கள் பிடிபடவேயில்லை. அவரைக் கொல்வதற்குத் தமக்கு 5000 டாலர் தருவதாகச் சொன்னார்கள் என்று ஹாமெட் தம்மிடம் கூறியதாக, அவருடைய நெடுநாள் துணைவி லில்லியன் ஹெல்மன் பின்னாளில் எழுதினார். இதற்கு வேறு சான்று கிடையாது. ஆராய்ச்சியாளர் பலர் ஐயுறுகின்றனர். நானும் இதை முடிவாக எழுதமாட்டேன். ஆனால் 1929ல் வெளிவந்த அவருடைய முதல் நாவலான ‘ரெட் ஹார்வெஸ்ட்’டை எடுத்துப் பாருங்கள். அது ஒரு சுரங்க ஊர். வேலைநிறுத்தத்தை உடைக்க முதலாளி அடியாட்களைக் கொண்டுவருகிறார். வேலைநிறுத்தம் உடைகிறது, அடியாட்கள் திரும்பிப் போகாமல் ஊரையே தமதாக்கிக்கொள்கிறார்கள். பூட் நகரம் அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

1918ல் இராணுவத்தில் சேர்ந்தார், ஆம்புலன்ஸ் பிரிவு. உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் முகாமிலும் பரவி அவரைப் பற்றியது. அதைத் தொடர்ந்து க்ஷயரோகம். போர்முனையைப் பாராமலே நுரையீரல் கெட்டுத் திரும்பினார். 1920ல் வாஷிங்டன் மாநிலத்து டக்கோமா நகர மருத்துவமனையில் கிடந்தபோது ஜோசபின் டோலன் என்ற தாதியைச் சந்தித்தார். 1921ல் சான் பிரான்சிஸ்கோவில் திருமணம். இரண்டு பெண் குழந்தைகள். பின்தொடர்ந்து அலையும் வேலைக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1922ல் பிங்கர்ட்டனை விட்டார். எழுதத் தொடங்கினார்.

அந்நாளில் அமெரிக்காவில் மட்டமான காகிதத்தில் அச்சிட்ட கதை இதழ்கள் ஏராளம். சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி. ‘பிளாக் மாஸ்க்’ அவற்றுள் ஒன்று. 1923 அக்டோபரில் அவ்விதழில் ஹாமெட்டின் புதிய துப்பறிவாளன் தோன்றினான். குள்ளன், பருத்தவன், நாற்பதை எட்டியவன். கான்டினென்டல் என்ற நிறுவனத்தின் சம்பள ஆள். அவனுக்குப் பெயரே கிடையாது. முப்பதுக்கும் மேற்பட்ட கதைகளிலும் இரண்டு நாவல்களிலும் அவன் வருகிறான். கடைசிவரை பெயர் தெரியாது.

அதுவரை துப்பறியும் கதை என்றால் பெரும்பாலும் இங்கிலாந்துச் சீமான் வீடுதான். நூலக அறையில் ஒரு பிணம். சந்தேகத்துக்குரியவர் ஆறு பேர். மேதை ஒருவர் வந்து புதிரை அவிழ்ப்பார். அத்துடன் உலகம் பழைய ஒழுங்குக்குத் திரும்பிவிடும். ஹாமெட்டின் உலகில் திரும்புவதற்கு ஒழுங்கே இல்லை. போலீசும் களவும் ஒரே மேசையில் உணவருந்துகின்றன. துப்பறிவாளன் மேதையல்லன், அடி வாங்குபவன், பொய் சொல்பவன், சில சமயம் தானே ஊரைக் கொளுத்தி விடுபவன். இவ்வகைக் கதைக்கு, நெடுநேரம் வெந்து கெட்டியாகிவிட்ட முட்டையை நினைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஹார்ட் பாயில்ட் என்று. வேடிக்கையான பெயர்தான். இவ்வழியில் பின்னர் புகழடைந்த ரேமண்ட் சாண்ட்லர், ஹாமெட்டையே முன்னோடியாக மதித்து எழுதியிருக்கிறார்.

இந்தக் கதைகளையெல்லாம் எழுதியவர் பாதி நாள் படுக்கையில் இருந்தார். ஒரு நகைக்கடைக்கு விளம்பரம் எழுதும் வேலையில் 1926ல் சேர்ந்தார். சில மாதங்களில் இரத்தம் கக்கி விழுந்தார். நோய் தொற்றும் என்பதால் மனைவியும் குழந்தைகளும் அவரோடு ஒரே வீட்டில் வசிக்கக்கூடாது என்று சுகாதாரத் தாதியர் கூறிவிட்டனர். தனியறையில் இருமிக்கொண்டே ‘மால்ட்டீஸ் ஃபால்கன்’ நாவலை எழுதினார். 1930ல் அது நூலாக வந்தது.

அந்த நாவலை நான் இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை பென்சிலும் கையுமாக. சாம் ஸ்பேட் என்ன நினைத்தான் என்று ஒரு வரிகூட இல்லை. அவன் விரல்கள் சிகரெட்டைச் சுருட்டுவது இருக்கிறது, கண்ணின் நிறம் இருக்கிறது, தாடை இறுகுவது இருக்கிறது. கூட்டாளி கொலையுண்டான் என்று நள்ளிரவில் தொலைபேசி வருகிறது. ஸ்பேட் வருந்தினானா இல்லையா? கரைசலின் நிறத்தைத்தான் ஆசிரியர் காட்டுகிறார். தாமிரம் உண்டா இல்லையா என்பதை நாமே கண்டுகொள்ள வேண்டும்.

அதில் ஒரு கிளைக்கதை வருகிறது. படத்தில் அது இல்லை, ஆகவே சொல்லிவிடுகிறேன். டக்கோமாவில் வீடுமனைத் தொழில் செய்துவந்த பிளிட்கிராப்ட் என்ற குடும்பஸ்தன் ஒருநாள் பகலுணவுக்குப் போனவன் திரும்பவில்லை. கடனில்லை, கள்ளக் காதல் இல்லை. சில ஆண்டுகளுக்குப் பின் ஸ்பேட் அவனை வேறோர் ஊரில் கண்டுபிடிக்கிறான். நடந்தது இதுதான்: அன்று கட்டடம் ஒன்றிலிருந்து உத்திரம் அவன் பக்கத்தில் விழுந்தது. நடைபாதைக் கல் சிதறிக் கன்னத்தில் பட்டது; அவ்வளவே. ஆனால் வாழ்க்கை ஒழுங்கானது என்று நம்பியிருந்த அவனுக்கு, எவனும் எந்தக் கணமும் காரணமின்றிச் சாகலாம் என்பது விளங்கிவிட்டது. உடனே எல்லாவற்றையும் விட்டுப் போய்விட்டான். போனவன் என்ன செய்தான்? சிறிது காலம் அலைந்தான். பிறகு அதே மாதிரி ஒரு மனைவி, அதே மாதிரி ஒரு குழந்தை, அதே மாதிரி ஒரு தொழில். உத்திரங்கள் விழுந்தபோது அதற்கேற்ப மாறினான். விழுவது நின்றதும் விழாத வாழ்வுக்கு ஏற்றபடி மாறிக்கொண்டான். ஸ்பேடுக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதானாம். டக்கோமா மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளியின் எண்ணம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

1931ல் ‘கிளாஸ் கீ’, 1934ல் ‘தின் மேன்’. மொத்தம் ஐந்தே நாவல்கள். ஐந்தும் ஐந்தாண்டுகளுக்குள் வந்தவை. அதன்பின் அவர் உயிரோடிருந்த 27 ஆண்டுகளில் ஒரு நாவலும் வெளிவரவில்லை.

சினிமாவோ அவரை விடவில்லை. ‘மால்ட்டீஸ் ஃபால்கன்’ 1931லும் 1936லும் இருமுறை படமாகி, பெயர் வாங்கவில்லை. மூன்றாம் முறையாக 1941ல் ஜான் ஹூஸ்டன் எடுத்தார். அது அவர் இயக்கிய முதல் படம். ஸ்பேட் வேடத்தை ஜார்ஜ் ராப்ட் என்ற நட்சத்திரம் மறுத்ததால்தான் போகார்ட்டுக்குக் கிடைத்தது. ஹூஸ்டன் செய்த புத்திசாலித்தனம், நாவலை ஏறக்குறைய அப்படியே, உரையாடல் மாறாமல் படமாக்கியதுதான். வேறெப்படிச் செய்வது? காமிராவும் மனத்துக்குள் நுழைய முடியாத கருவியல்லவா? போர் முடிந்தபின் இந்தப் படமும் இதையொத்த சிலவும் பாரிசுக்கு ஒருசேர வந்தன. 1946ல் நீனோ பிராங்க் என்ற விமர்சகர் அவற்றுக்கு ஃபிலிம் நுவார், அதாவது கறுப்புப் படம் என்று பெயர் சூட்டினார். இன்றுவரை அந்தப் பெயரே வழங்குகிறது.

ஹாமெட்டிடம் பணம் வந்தது. வந்த வேகத்தில் குடியிலும் விருந்திலும் போயிற்று. 1930ல் ஹாலிவுட்டில் லில்லியன் ஹெல்மனைச் சந்தித்தார். இருவரும் மணம் செய்துகொள்ளாமல், சேர்ந்தும் பிரிந்தும் 30 ஆண்டுகள் வாழ்ந்தனர். ஹெல்மனின் முதல் வெற்றி நாடகத்துக்குக் கரு கொடுத்தவர் ஹாமெட்தான். தாம் எழுதாதவர் பிறரை எழுதவைத்தார். சான் பிரான்சிஸ்கோவில் பசியைப் பகிர்ந்துகொண்ட மனைவியை நினைத்தால் இந்த ஹாலிவுட் அத்தியாயத்தை எனக்கு ரசிக்க முடியவில்லை. 1930களின் பிற்பாதியில் கம்யூனிஸ்டு கட்சியில் சேர்ந்தார். 1938ல், ஸ்டாலின் தம் பழைய தோழர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக் கொன்ற மாஸ்கோ வழக்குகளை ஆதரித்த அறிக்கையில் இவரும் கையொப்பமிட்டார். கண்டதை மட்டும் எழுதும் மனிதர் காணாததற்குச் சாட்சி சொன்ன இடம் அது. இதை மறைத்து அவர் வாழ்க்கையை எழுதுவது நேர்மையாகாது.

1942ல், 48ஆம் வயதில், கெட்ட நுரையீரலோடு சாதாரணச் சிப்பாயாக மறுபடியும் இராணுவத்தில் சேர்ந்தார். அலாஸ்காவுக்கு அப்பால் பனியும் காற்றும் சூழ்ந்த ஏடாக் என்ற தீவில் படைவீரர்களுக்கான ‘ஏடாக்கியன்’ என்ற நாளிதழை நடத்தினார். படையில் கறுப்பரும் வெள்ளையரும் பிரித்து வைக்கப்பட்டிருந்த காலத்தில் அவருடைய அலுவலகத்தில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தனர். அவர் மகிழ்ச்சியாக இருந்த காலம் அதுவே என்று தோன்றுகிறது.

இனி 1951. கம்யூனிஸ்டுத் தலைவர்கள் பதினொருவர் அரசைக் கவிழ்க்கப் போதித்தனர் என்று 1949ல் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டுக் காலத்தில் ஜாமீனில் இருந்தனர். ஜாமீன் தொகையைக் கொடுத்தது சிவில் உரிமைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் நிதி. ஹாமெட் அதன் அறங்காவலருள் ஒருவர். மேல்முறையீடு தோற்றதும் நால்வர் தலைமறைவாயினர். நிதிக்குப் பணம் கொடுத்தவர்கள் யார், ஒளிந்தவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் அவர்களுள் உண்டா என்று நீதிமன்றம் அறிய விரும்பியது. ஜூலை 9ஆம் நாள் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஹாமெட்டைக் கூண்டில் ஏற்றினர். பெயர்ப் பட்டியலைக் கேட்டனர். தமக்கெதிராகத் தாமே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்ற அரசியல் சட்ட உரிமையைச் சொல்லி மறுத்தார். கணக்கேடுகள் எங்கே என்றனர், மறுத்தார். ஏட்டில் காணும் முதலெழுத்துகள் அவருடையனவா என்றனர், அதற்கும் மறுத்தார். நீதிமன்ற அவமதிப்புக்காக ஆறு மாதச் சிறைத்தண்டனை. அவருக்கு அந்தப் பெயர்களே தெரியாது என்று ஹெல்மன் பின்னர் எழுதினார். தெரியாது என்று சொல்லியிருந்தால் ஒருவேளை வீட்டுக்குப் போயிருக்கலாம். கேட்கும் உரிமையே உங்களுக்கு இல்லை என்பதுதான் அவர் நிலை.

நான் சொல்வதாகச் சொன்ன இடம் இதுதான். வேறோர் ஊரில் இளங்கலை பயின்ற நாளில் விடுதிச் சாப்பாட்டைக் கண்டித்து ஒரு துண்டறிக்கை ஒட்டப்பட்டது. பொறுப்பாளர் என்னைத் தனியே அழைத்தார், உட்காரச் சொன்னார், தேநீர் கொடுத்தார். எழுதியவன் பெயரைக் கேட்டார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. என் உதவித்தொகையைப் பற்றி மட்டும் ஒரு முறை விசாரித்தார். சொல்லிவிட்டேன். எழுதியவன், நான் அவ்வூருக்குப் புதிதாக வந்தபோது கடையில் பேரம் பேசுவதற்கு இந்தி எண்களைச் சொல்லிக் கொடுத்த நண்பன். ஒரு வாரத்தில் அவன் விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டான். சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டபோது என்னிடம் விடைபெற்றுக்கொண்டுதான் போனான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆகையால்தான் இதை இங்கே எழுதும் துணிவு வந்தது.

நாவலின் இறுதியில் சாம் ஸ்பேட் தான் விரும்பிய பெண்ணையே போலீசிடம் ஒப்படைக்கிறான். (முடிவைச் சொல்லிவிட்டதற்கு மன்னிக்க வேண்டும்.) அந்த ஆசிரியர் பெயர் சொல்ல மறுத்தது முரண் அல்லவா என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தப் பெண் கொலை செய்தவள். நிதிக்குப் பணம் கொடுத்தவர்கள் பணம் கொடுத்தவர்கள். பிங்கர்ட்டன் நாட்களில் இந்த வேறுபாட்டைக் கவனியாமல் பெயர்கள் எழுதித் தரப்பட்ட அறிக்கைகளை அவர் பார்த்திருப்பார்.

கென்டக்கி மாநிலத்து ஆஷ்லாந்து சிறையில் அவருக்குக் கழிப்பறை துப்புரவு வேலை. 57 வயது. ஐந்து மாதம் கழித்து 1951 டிசம்பரில் வெளியே வந்தபோது வானொலியில் அவருடைய கதைத் தொடர்கள் நின்றிருந்தன. 1 லட்சம் டாலருக்கு மேல் வரிபாக்கி என்று அரசு வருமானத்தை முடக்கியது. 1953ல் செனட்டர் மக்கார்த்தியின் குழு அவரை அழைத்தது. வெளிநாடுகளில் உள்ள அமெரிக்க நூலகங்களில் கம்யூனிஸ்டு எழுத்தாளர்களின் நூல்களை வைக்கலாமா என்று கேட்டார் மக்கார்த்தி. கம்யூனிசத்தோடு போரிடுவதே நோக்கமானால் மக்களுக்கு நூல் எதையுமே கொடுக்கமாட்டேன் என்ற கருத்தில் பதில் சொன்னார் ஹாமெட். அவர் நூல்கள் நூலக அடுக்குகளிலிருந்து அகற்றப்பட்டன. துப்பறியும் கதையை அகற்றுவதில் தமக்கு உடன்பாடில்லை என்னும்படி ஜனாதிபதி ஐசனோவரே பேச நேர்ந்தது. பின்னர் அவை திரும்பி வைக்கப்பட்டன.

கடைசி ஆண்டுகளில் நியூயார்க்கை அடுத்த காட்டோனா என்ற சிற்றூரில் நண்பர் ஒருவரது தோட்டத்துச் சிறு வீட்டில் வாழ்ந்தார். ‘டியூலிப்’ என்ற நாவலைத் தொடங்கி நிறுத்திவிட்டார். எழுதாமற்போன ஓர் எழுத்தாளனைப் பற்றிய கதை அது. நுரையீரல் புற்றுநோயால் 1961 ஜனவரி 10ஆம் நாள் நியூயார்க் மருத்துவமனையில் இறந்தார். இரு உலகப் போர்களிலும் இராணுவத்தில் பணிபுரிந்தவர் என்ற உரிமையில், அவரைச் சிறைக்கு அனுப்பிய அதே அரசின் ஆர்லிங்டன் போர்வீரர் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். மற்ற வீரர்களுக்கு உள்ளது போன்ற வெள்ளைக் கல்தான் அவருக்கும். பெயர், மாநிலம், படைப்பிரிவு, பிறந்த நாள், இறந்த நாள்.